சுண்ணாம்பு டப்பாவில் போன அம்மைப்பால்: பாளையங்கோட்டையிலிருந்து புன்னக்காயல்

புன்னக்காயலுக்குப் போகிறவர்கள் பொதுவாக மீனுக்காகப் போவார்கள், இல்லாவிட்டால் தோணி ஏறப் போவார்கள். நான் போனது ஆறு கண்ணாடிக் குழாய்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. டில்லியில் தர்பார் நடந்ததற்கு அடுத்த மாசி மாதம் அது. பாளையங்கோட்டையில் ஒரு மருந்துச்சாலையில் கம்பவுண்டராக இருக்கிறேன். பயணம் என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு முதுகு வலிக்கும். அப்படிப்பட்டவன் எழுதுகிற பயணக் கட்டுரை இது என்பதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள். தாமிரபரணி கடலில் விழுகிற இடத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு வழி, தூரம், கூலி எல்லாம் சொல்லியிருக்கிறேன். மருந்து கொண்டுபோகிறவர்களுக்கு வேறொன்றும் சொல்ல இருக்கிறது.

குழாய்களில் இருந்தது அம்மைப்பால். பெரியம்மை வராமல் தடுக்கக் கையில் கீறி வைப்பார்களே, அதுதான். கன்றுக்குட்டியின் தோலில் எடுத்து, கிளிசரினில் கலந்து, சென்னையிலிருந்து ரயிலில் வரும். குளிர்ந்த இடத்தில் இருக்கும்வரை அதற்கு உயிர் உண்டு. நம் சீமை வெயிலில் சில நாள் கிடந்தால் செத்துப்போகும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. முந்தின வருஷம் அப்படித்தான் ஆயிற்று. ஈரத்துணி சுற்றிய மண்கலயத்தில் வைத்து ஒருவர் புன்னக்காயலுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் குத்திவிட்டு வந்தார். குத்தினது பிடித்தால் எட்டாம் நாள் வாக்கில் கொப்புளம் எழும்பி நிற்கவேண்டும். ஒரு பிள்ளைக்கும் எழும்பவில்லை, கீறல் வெறுமனே ஆறிப்போனது. ஒன்றரை மாதம் கழித்துப் பெரியம்மை வந்து மூன்று பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. குத்தினவர் மறுபடியும் அந்த ஊருக்குப் போய், பால் சூட்டில் கெட்டுவிட்டது என்று உண்மையைச் சொன்னார். நல்ல மனிதர், ஓடி ஒளியவில்லை. அந்தச் சொல்லை ஊர் மறக்கவும் இல்லை.

இந்த மாசியில் அங்கே மறுபடியும் வடகோடியில் இரண்டு வீட்டில் அம்மை கண்டிருக்கிறது என்று மீன் வியாபாரி ஒருவர் வந்து சொன்னார். எங்கள் டாக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மைப்பாலை உலர்த்திப் பொடியாக்கிவிட்டால் சூட்டைத் தாங்குமா என்று அவர் வெகுநாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சும்மா உலர்த்தினால் செத்துப்போகிறது. ஆகையால் தூத்துக்குடியில் கப்பல்காரர்களிடம் கெஞ்சி, மரத்தூளில் புதைத்துப் பனிக்கட்டி வரவழைப்பார். மணியாச்சியில் ரயில் மாறுவதற்குள் பாதி தண்ணீராகிவிடும். மீதியில் உப்பைக் கலந்தால் இன்னும் கடுமையாகக் குளிரும். அதில் பாலை உறையவைத்து, ஒரு கண்ணாடி மூடிக்குள் வைத்து, கூடவே நீற்றாத சுண்ணாம்பையும், அதாவது சுட்டபின் தண்ணீர் படாத சுண்ணாம்பையும் வைத்து, உள்ளே இருக்கிற காற்றைப் பம்பால் வெளியே இழுக்கவேண்டும். உறைந்தது உருகாமலே ஈரம் ஆவியாகிப் போகும், அந்த ஈரத்தைச் சுண்ணாம்பு குடித்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பம்பு அடித்தவன் நான். என் தோள்பட்டையைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

அப்படிச் செய்தும் முதலில் ஒன்றும் தேறவில்லை. பிறகு டாக்டர், உறையவைப்பதற்கு முன்னால் கொஞ்சம் பனங்கற்கண்டைக் கரைத்துச் சேர்த்துப் பார்த்தார். அந்தப் பொடியை ஒரு மாதம் அலமாரியில் போட்டுவைத்து, கன்றுக்குட்டியில் குத்தினோம். பிடித்தது. அன்றைக்கு டாக்டர் எனக்குக் காப்பி வாங்கிக்கொடுத்தார், அவருக்கு அது பெரிய காரியம். புதுப் பானைகளை வண்டியில் ஏற்றும்போது நடுவில் வைக்கோல் திணிப்போமே, அந்த வேலையைக் கற்கண்டு செய்கிறது என்பது அவருடைய ஊகம். தண்ணீர் போன இடத்தில் கற்கண்டு உட்கார்ந்துகொண்டு, பாலில் இருக்கிற சத்து சுருங்கி நொறுங்காமல் தாங்கிப் பிடிக்கிறதாம். ஊகம்தான். ஆனால் கற்கண்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஈரம் பட்டால் இளகிப் பாகாகிவிடும். பாகானால் அதற்குள் இருக்கிற பாலும் போச்சு.

ஆகவே குழாய்களுக்குத் தக்கை அடைத்து, மெழுகு ஊற்றி, ஒரு தகர டப்பாவில் நீற்றாத சுண்ணாம்புக் கட்டிகளுக்கு நடுவில் பஞ்சு சுற்றி வைத்தோம். காற்றில் இருக்கிற ஈரம் டப்பாவுக்குள் புகுந்தாலும் சுண்ணாம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். குழாயைத் தட்டினால் பொடி மணல்போல ஓடவேண்டும். ஓடினால் நல்லது, ஒட்டினால் கெட்டது. அதுதான் சோதனை. இருந்ததே அந்த ஆறு குழாய்கள். மறுபடி செய்யப் பனிக்கட்டி வேண்டும், புதுப்பால் வேண்டும், ஒரு மாதம் வேண்டும். அம்மை ஒரு மாதம் காத்திருக்காது.

இனி வழி. பாளையங்கோட்டையிலிருந்து புன்னக்காயல் ஏறக்குறைய முப்பத்தைந்து மைல், ரயில் கிடையாது. தூத்துக்குடி வரை ரயிலில் போய் அங்கிருந்து தோணியில் வரலாம். காற்று இருந்தால் அரை நாள், இல்லாவிட்டால் ஆண்டவர் விட்ட வழி. கடல் ஈரத்துக்குப் பயந்து டாக்டர் சாலை வழியாகவே போகச் சொன்னார். கூண்டு வண்டிக்குப் போகவர எட்டு ரூபாய் பேசினேன். வண்டிக்காரர் சுடலைமுத்துவுக்கு ஆத்தூரில் மாமனார் வீடு. எத்தனை நாள் காத்திருக்கச் சொன்னாலும் அவருக்குச் சந்தோஷம்தான், அதனால் காத்திருக்கிற நாளுக்கு மாட்டுத் தீவனம் மட்டும் போதும் என்றார். உங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது, ஒன்பது பத்து ரூபாய் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் கிளம்பினோம். கிருஷ்ணாபுரம் தாண்டுகிறவரை சாலை நன்றாக இருக்கிறது. செய்துங்கநல்லூரில் காலைச் சாப்பாடு: இட்லியும் எள்ளுப்பொடியும், அரை அணாவுக்கு வயிறு நிறையும். கருங்குளம் தாண்டியதும் வலப்பக்கம் செம்மண்மேடு தெரியும், அதுதான் ஆதிச்சநல்லூர். தாழிகளைத் தோண்டி எடுத்தார்களே, அந்த இடம். எத்தனையோ காலத்துக்கு முந்தின தாழிக்குள் உமிகூட மக்காமல் கிடந்ததாம். இறங்கிப் பார்க்க ஆசைதான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, டப்பா மடியில் இருந்தது, போகவில்லை. நீங்கள் போங்கள். ஆற்றுக்கு அக்கரையில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. மாசியிலும் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. அங்கிருந்து ஆழ்வார்திருநகரி மூன்று மைல். அங்கே சத்திரத்தில் தங்கினோம். நான் கிறிஸ்தவன் என்று தெரிந்ததும், வேதக்காரனுக்கு உள்ளே இடமில்லை என்றார்கள். வெளித்தாழ்வாரத்தில் பாய் விரித்துக்கொண்டேன், கொசுவுக்கு மதபேதம் கிடையாது.

மறுநாள் தென்திருப்பேரை, குரும்பூர் வழியாக ஆத்தூர், பதினொரு மைல். ஆத்தூர் வெற்றிலை ஊர் அறிந்த சரக்கு. கொடிக்கால்களுக்குள் வண்டி நுழைந்ததும் உடம்பே குளிர்ந்துவிட்டது. சுடலைமுத்து ஒரு கவுளி வெற்றிலை வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, ஒன்றை மடித்துக் கையில் பிடித்தபடி என் டப்பாவைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, டப்பா நெறயச் சுண்ணாம்ப மடில வச்சிக்கிட்டு, வெறும் வெத்தலையத் திங்க விடுதியளே. இது ஞாயமா?"

இது நீற்றாத சுண்ணாம்பு, வாயில் போட்டால் நாக்கு வெந்துபோகும் என்றேன்.

"நம்ம நாக்கு வேகும், அந்தப் பாலு மட்டும் வேகாதாக்கும்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் பட்டால்தான் அது கொதிக்கும், உலர்ந்தபடி இருக்கிறவரை சாது என்று விளக்கினேன். தலையை ஆட்டினார். மாட்டை ஓட்டுகிறவர் தலையாட்டினால் எதற்கு ஆட்டுகிறார் என்று யாருக்குத் தெரியும்.

ஆத்தூரிலிருந்து புன்னக்காயல் நாலு மைல். பனைகள், பிறகு உப்பளம், பிறகு சேறு. கடைசி ஒரு மைல் வண்டி போகாது. ஆற்றின் ஒரு கிளையைத் தோணியில் கடக்கவேண்டும், ஆளுக்குக் காலணா. துணிந்தவர்கள் இறங்கி நடக்கிறார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது இந்த இடத்தைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். நான் காலணாவைக் கொடுத்தேன். பொதிகை மலையில் பிறந்து, வழியெல்லாம் வயலுக்குப் பாய்ந்து, இங்கே வந்து ஆறு பல கிளையாகப் பிரிந்து மெள்ளக் கடலுக்குள் போகிறது. சத்தமே இல்லை. பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனால் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

தங்கினது கஸ்பார் பெரியவர் வீட்டில். ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள், இரண்டு தோணி வைத்திருக்கிறார். அவருடைய மகன் கொழும்புக்குப் போயிருந்தார். மருமகள் செபஸ்தியம்மாளும் அவளுடைய எட்டு மாதக் கைக்குழந்தை ரோசம்மாவும் வீட்டில் இருந்தார்கள். மூத்தவன் ஒருவன் இருந்தான், மூன்று வயசு. போன வருஷம் கை பொங்காத பிள்ளைகளில் அவன் ஒருவன், அம்மை கொண்டுபோன மூன்றில் அவன் ஒருவன். இதைப் பெரியவர்தான் சொன்னார். அவள் அடுப்பங்கரையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் புராட்டஸ்டண்டு சபைக்கும் அவர்கள் கத்தோலிக்கச் சபைக்கும் ஆகாது. ஆனால் அந்த வீட்டு மீன்குழம்புக்கு நான் எந்தச் சபைக்கும் போவேன்.

சுண்ணாம்புக் கட்டிகள் கடல்காற்றின் ஈரத்தில் ஓரத்தில் நீறிப் பொடியாகத் தொடங்கியிருந்தன. குழாய்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஆறிலும் பொடி ஓடியது. வண்டிச் சூட்டில் மெழுகு இளகிச் சில இடத்தில் வெடித்திருந்தது. டப்பாவுக்குள் இருக்கிறவரை பயமில்லை என்று விட்டுவிட்டேன். முற்றத்தில் கூடியிருந்த ஆண்களுக்கு உலர்த்தின பாலைப்பற்றி விஸ்தாரமாகப் பிரசங்கம் செய்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளைக் கொண்டுவருவதாகப் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். டப்பாவைச் செபஸ்தியம்மாளிடம் கொடுத்து, அம்மைப்பால் இருக்கிறது, பத்திரமாக வை என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

காலையில் டப்பாவைக் கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கண்ணாடிமாதிரி வைத்திருந்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

குழாய் எங்கே என்று கத்தினேன். அவள் பயப்படவில்லை. வாங்க என்று கூட்டிக்கொண்டுபோய்த் தண்ணீர்க்குடத்தின் அடியில் இருந்த ஈரமணலைக் காட்டினாள். மணலுக்குமேல் வேப்பிலை பரப்பியிருந்தது. இலையை விலக்கி, மணலுக்குள் கைவிட்டு, ஆறு குழாய்களையும் ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் வைத்தாள். தாய் பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எடுக்கிறமாதிரி எடுத்தாள்.

பிடுங்கித் தட்டினேன். முதலாவது ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது பாகாகிக் கண்ணாடியில் வழிந்தது. மூன்று, நாலு, ஐந்து, எல்லாம் அதே கதி. ஆறாவதில் மட்டும் பொடி மணல்போல ஓடியது. அதன் மெழுகு வெடிக்காமல் இருந்தது. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதமுடியாது. அறிவிருக்கா உனக்கு, ஊர்ப் பிள்ளைகள் உயிரை மண்ணில் புதைத்துவிட்டாயே என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். பூசைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். அவள் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"போன வருசம் வந்தவரு, சூட்டுல கெட்டுப்போச்சின்னு சொன்னாவ. எம்பிள்ளைய அந்தச் சூட்டுக்குத்தான் குடுத்தேன். நீங்க சுண்ணாம்புல வச்சிக் கொண்டாந்திருக்கிய. அதக் கெணத்தடில கொட்டுனேன், தண்ணி பட்டதும் புஸ்ஸுன்னு கொதிச்சுது. இதுக்குள்ளயா பால வைப்பாவ ஐயா?"

சூடு பட்ட பூனை அடுப்பங்கரை போகாது என்பார்கள். இவள் அடுப்பங்கரைக்குள் போய், சூட்டிலிருந்து பாலைக் காப்பாற்றியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அவள் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. வண்டிக்காரர் கேட்ட அதே கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலை முற்றத்து ஆண்களுக்கும் சொன்னேன். டப்பாவை வாங்கி வைத்தவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அடுப்புக்கு மேலே ஓலைப்பெட்டியில் கருவாடு தொங்கியது. அதைக் காட்டி, இந்தக் கருவாட்டை ஈரமணலில் வைப்பாயா என்று கேட்டேன். மீன் பச்சையாக இருக்கும்வரை சூடு ஆகாது. உலர்த்தின பிறகு ஈரம்தான் ஆகாது. இந்தப் பால் உலர்த்தின பால் என்றேன்.

அவள் பெட்டியைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள்.

"அப்ப இது கருவாட்டு வகையா?" என்றாள். "நேத்தே ஒரு சொல்லு சொல்லியிருக்கப்படாதா ஐயா?"

நான் டப்பாவை மூடித் திறந்து மூடினேன். வேறென்ன செய்வது?

ஒரு குழாய்ப் பொடி நாலைந்து பிள்ளைக்குப் போதும். மெழுகைச் சுரண்டி, கொதித்து ஆறின தண்ணீரில் ஒரு துளி விட்டுக் குழைத்தேன். ஆனால் வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவிக்கொண்டிருந்தார்கள். கெட்ட பாலைப் போன வருஷம் குத்தியது போதாதா, இந்த வருஷமும் குத்தவேண்டுமா என்று ஒரு பெண் உரக்கவே கேட்டாள். இன்னொருத்தி செபஸ்தியம்மாளைப் பார்த்துப் பாலைக் கெடுத்தவள் என்றாள். இரண்டு பேரும் போன வருஷம் ஆளுக்கொரு பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், அவர்களை நான் என்ன சொல்லமுடியும்? கஸ்பார் பெரியவர் கூப்பிட்டுப் பார்த்தார், யாரும் திரும்பவில்லை. முற்றத்தில் மிச்சம் இருந்தது நான், பெரியவர், அவள், குழந்தை.

அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தையின் இடது கையை எனக்கு நீட்டினாள். பெரியவர் வேண்டாம் என்கிறமாதிரி வாயெடுத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. மூன்று கீறல் போட்டு வைத்தேன். ரோசம்மா என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்து அழுதாள்.

அதற்குப் பிறகு ஊரைவிட்டுப் போக எனக்கு மனசில்லை, எட்டு நாள் தங்கினேன். பயணக் கட்டுரைக்கு இந்த எட்டு நாள் உபயோகம். காலையில் கரையில் வலை இழுப்பதைப் பார்க்கலாம்; சும்மா நின்றால் கயிற்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வடக்கே ஆற்றைக் கடந்து கொற்கைக்குப் போய்வந்தேன். பாண்டியர்களின் துறைமுகம் இருந்த இடம், இப்போது ஒரு குளமும் வாழைத்தோட்டமும் பழைய மரமும். கடல் ஐந்து மைல் விலகிப் போய்விட்டது. தெற்கே காயல்பட்டினத்துக்கு மணலில் நாலு மைல் நடை. வரிசையாக வெள்ளையடித்த வீடுகள், பள்ளிவாசல்கள், கொழும்புச் சரக்கு விற்கிற கடைகள். அங்கே கிளிஞ்சல் சுடுகிற காளவாய் ஒன்றிருக்கிறது. நீற்றாத சுண்ணாம்பு கேட்டேன். காளவாய்க்காரர் மரைக்காயர், வீடு கட்டவா என்று கேட்டார். அம்மைப்பாலுக்கு என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விஷயத்தைச் சொன்னபிறகு, சூடு ஆறுவதற்குள் ஜாடியில் அடைத்து வாயைக் கட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. பிள்ளைகளுக்கு இன்ஷா அல்லா ஒன்றும் வராது என்றார்.

எதற்குச் சுண்ணாம்பு வாங்கினேன் என்று எனக்கே தெரியாது. போட்டு வைக்க ஒரு குழாயும் இல்லை. வெறும் டப்பாவைப் பார்க்கச் சகிக்கவில்லை, அதுதான்.

வீட்டுக்குள் அந்த எட்டு நாளும் ஒரே பார்வை, குழந்தையின் கையைப் பார்க்கிற பார்வை. மூன்று நாள் ஒன்றுமில்லை. செபஸ்தியம்மாள் கருவாட்டுப் பெட்டியை மட்டும் இறக்கி இறக்கி வெயிலில் காயவைத்தாள். நாலாம் நாள் காலையில் இரண்டு கீறல் சிவந்து தடித்திருந்தன. போன வருஷம் இதுகூட வரவில்லை என்றாள், அதுதான் நாலு நாளில் அவள் பேசின பேச்சு. ஆறாம் நாள் இரண்டும் உருண்டு எழும்பின, நடுவில் சின்னக் குழியோடு. அன்றைக்கு மீன் கேட்டும் நெருப்புக் கேட்டும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தியும் மீனைப் பார்க்கவில்லை. எட்டாம் நாள் கொப்புளம் இரண்டும் நிறைந்து நின்றன. குழந்தைக்குக் கொஞ்சம் காய்ச்சல், அவ்வளவுதான். பிடித்துவிட்டது. கஸ்பார் பெரியவர் முற்றத்துக்குப் போய் மூக்கைச் சிந்தினார். எனக்கும் கண் கலங்கியது, அதைச் சொல்ல என்ன வெட்கம்.

அன்று காலை முற்றத்தில் தாய்மார்கள் பிள்ளைகளோடு நின்றார்கள். என்னிடம் பால் இல்லை. ஒரு வழிதான் இருந்தது, பழைய வழி. பிடித்த பிள்ளையின் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து அடுத்த பிள்ளைக்குக் குத்துவது. சீக்குள்ள பிள்ளையிடமிருந்து வேறு வியாதி தொற்றும் என்று இப்போது அதை வேண்டாம் என்கிறார்கள். ரோசம்மாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன், ஒரு சிரங்குகூட இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கொப்புளத்து நீரை எடுத்தால் பிள்ளை தேய்ந்துபோகும் என்று இந்தப் பக்கத்தில் எந்தத் தாயும் சம்மதிக்கமாட்டாள். அதிலும் வரிசையில் முன்னால் நின்ற இரண்டு பேர், அவளைப் பாலைக் கெடுத்தவள் என்று சொன்னவளும் என்னைக் கேள்வி கேட்டவளும். பெரியவர் மெதுவாக மருமகளிடம், உன் இஷ்டம் தாயி, இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடு என்றார்.

அவள் அந்த இரண்டு பேரையும் பார்த்தாள்.

"போன வருசம் போன மூணு பிள்ளைல ஒண்ணு எனக்குள்ளது. மத்த ரெண்டுக்கும் தாய்மாரு அந்தா நிக்காவ," என்றாள். "எடுங்க ஐயா."

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காலை முழுவதும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பதினொரு பிள்ளைக்குக் குத்தினேன். குழந்தை கொஞ்சம் அழுதது, பிறகு என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. வரிசையில் முதலில் நின்றவள் குத்தி முடிந்ததும் போகாமல் செபஸ்தியம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து, குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

கடைசியாகக் கொஞ்சம் நீர் மிஞ்சியது. சுடலைமுத்துவின் மைத்துனருக்கு ஆத்தூரில் இரண்டு பிள்ளைகள், குத்தாதவர்கள். ஒரு பொட்டுப் பனங்கற்கண்டைச் சேர்த்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, எப்படிக் காயவைப்பது என்று யோசித்தேன். பனிக்கட்டி இல்லை, பம்பு இல்லை. செபஸ்தியம்மாள் தகட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். டப்பாவில் காயல்பட்டினத்துச் சுண்ணாம்பைப் போட்டு, தகட்டை உள்ளே வைத்து மூடி, அடுப்புக்கு மேலே கருவாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில், ஆனால் நெருப்புச் சூடு எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். மறுநாள் காலை வரை அங்கே யாரையும் அண்டவிடவில்லை, என்னையும் சேர்த்து.

திரும்பின பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை, அதே சேறு, அதே காலணா. ஆத்தூரில் இரண்டு பிள்ளைகளுக்கும் வைத்தேன். ஒரு பிள்ளைக்குப் பிடித்தது, ஒரு பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று பின்னால் சுடலைமுத்து வந்து சொன்னார். டாக்டருக்கு அந்த ஒன்றே போதுமாக இருந்தது, உடனே பனிக்கட்டிக்கு ஆள் அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் அவரே புன்னக்காயல் போனார். பதினொரு பிள்ளையில் ஒன்பது பேருக்குப் பொங்கியிருந்தது, மீதி இரண்டுக்கும் மறுபடி குத்தினார். வடகோடியில் அந்த இரண்டு வீட்டைத் தாண்டி அம்மை வரவில்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. மாசிக்குப் பிறகு போகாதீர்கள், வெயில் தாங்காது. ஐப்பசி கார்த்திகையில் ஆற்றைக் கடக்கமுடியாது. தை மாதம் உத்தமம். குடிதண்ணீரை ஆத்தூரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆழ்வார்திருநகரியில் கொசுவலை இல்லாமல் படுக்காதீர்கள். மருந்து கொண்டுபோகிறவர்கள் நீர்மருந்தைக் குளிர்ச்சியில் வையுங்கள், உலர்ந்த மருந்தை உலர்வில் வையுங்கள். குழாய் மெழுகைத் தினமும் பாருங்கள். சுண்ணாம்புக் கட்டி நீறிப் பொடியானால் அதன் வேலை முடிந்தது, புதிது போடுங்கள். எந்த வீட்டில் கொடுத்து வைக்கிறீர்களோ, அந்த வீட்டுப் பெண்ணிடம் இதெல்லாம் ஏன் என்றும் சொல்லுங்கள். முற்றத்தில் பிரசங்கம் செய்தால் அடுப்பங்கரைக்குக் கேட்காது.

இப்போது எங்கள் டாக்டர் ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் ஒரு சீட்டு ஒட்டுகிறார். அவர் இங்கிலீஷில் நீளமாக எழுதி வைத்திருந்ததைக் கிழித்துவிட்டு நான் வேறொன்று எழுதினேன். நான் கிளம்பின அன்று தோணித்துறையில் செபஸ்தியம்மாள் டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, கொடுத்த கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு சொன்ன சொல்தான் அது.

"எம்பிள்ள பாலு, ஐயா. நனைச்சிராதிய."